ஏற்றிக் கட்டிய அங்கவடி

குடிவரவு அதிகாரி, ஓர் ஆங்கிலேயப் பெண், அந்தப் படத்தை மேசைமேல் வைத்து ஒற்றை விரலால் என் பக்கம் திருப்பினார். படம் அரைவட்டமாகச் சுழன்று என் முன்னால் வந்து நின்றது. அதில் நான் இருந்தேன். சிவப்புக் கோட்டு. பக்கத்தில் ஒரு பழுப்புக் குதிரை. இடது கை இடுப்பில், முழங்கை வெளியே துருத்திக்கொண்டு, உலகத்தில் எனக்கு இனிச் செய்வதற்கு ஒரு வேலையும் மிச்சமில்லை என்பதுபோல. பின்னால் பச்சைக் குன்று. காலடியில் நாய்.

இது நீங்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு விளங்கியது. விளங்காததுபோல மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தேன்.

அது எங்கள் ஆட்களின் பழக்கம். ஆங்கிலம் தெரிந்தவர்களும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று படிவத்தில் எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் ஒரு கேள்வி இரண்டு தடவை வரும், இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு கிடைக்கும். எண்பதுகளில் அகதியாக வந்து இறங்கியபோது யாரோ எனக்குச் சொல்லித் தந்த வித்தை. இத்தனை வருடத்துக்குப் பிறகு, மனைவியின் விசாவுக்காக வந்து உட்கார்ந்த அந்த அறையிலும் அதை நான் விடவில்லை.

"இது நீங்கதானான்னு கேக்குறாங்க," என்றார் மொழிபெயர்க்க வந்த தமிழ்நாட்டு அம்மா. மடியில் கம்பளிச் சால்வை, கையில் பேனா.

"ஓம். நான்தான்."

லண்டனுக்குத் தெற்கே குரோய்டன், குடிவரவு அலுவலகம். தொண்ணூறுகளின் தொடக்கம். ஜன்னலுக்கு வெளியே ரயில்கள் போய்க்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் கண்ணாடியை ஒருமுறை நடுங்கவைத்துவிட்டு. என் மனைவி அப்போது சென்னையில், வடபழனியில் ஒரு மாடி அறையில், தன் தகப்பனோடு காத்துக்கொண்டிருந்தாள். கலியாணம் முடிந்து பதினான்கு மாதம். நாங்கள் சேர்ந்து இருந்தது பத்து நாள். அவளுடைய மனுவில் ஏதோ பொருந்தவில்லை என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். என் பதில் பொருந்தினால் அவள் வருவாள். பொருந்தாவிட்டால் மறுப்பு, மேன்முறையீடு, வருடங்கள். மாமா கடைசிக் கடிதத்தில் ஒரே வரியில் எழுதியிருந்தார்: இம்முறை கிடைக்காவிட்டால் மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவேன். ஊரில் அந்த மாதமும் குண்டு விழுந்துகொண்டிருந்தது.

மேசையில் படம். படத்தில் முழங்கை.

அந்த முழங்கை என்னுடையது இல்லை. அதை நான் ஓர் ஓவியத்திலிருந்து எடுத்திருந்தேன்.

நகரத்தின் நடுவில் ஓர் ஓவியக்கூடத்தில் எனக்குக் காவல் வேலை. கறுப்புக் காற்சட்டை, கறுப்புக் கோட்டு, நெஞ்சில் ஓர் இலக்கம். காலையிலிருந்து மாலைவரை நிற்க வேண்டும். ஒரு கதிரை உண்டு, ஆனால் அதில் இருந்தால் மேற்பார்வையாளரின் புருவம் உயரும். எனக்குத் தந்தது ஒல்லாந்தர் அறை, டச்சுக்காரர்களின் ஓவியங்கள். ஒல்லாந்தர் என்றால் யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கோட்டைதான் நினைவுக்கு வரும், பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரிகிற அந்தக் கறுத்த சுவர். அதைக் கட்டியவர்கள் தங்கள் வீட்டில் எப்படி இருந்தார்கள் என்பதை லண்டனில் வந்துதான் பார்த்தேன். பட்டுப் பாவாடை, எலுமிச்சம்பழம் பாதி உரித்த வெள்ளித் தட்டு, எங்கும் போகாத கப்பல்கள். எல்லாவற்றுக்கும் நடுவில், கதவுக்கு நேரே, அந்த வேட்டைப் படம்.

நான் ஆறு வருடம் அதைப் பார்த்தேன். மனிதர்கள் தங்கள் தாயின் முகத்தைக்கூட அவ்வளவு நேரம் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஒரு சத்திரத்தின் முன்னால் ஒரு கூட்டம் நிற்கிறது. வெள்ளைக் குதிரையில் பக்கவாட்டாக இருக்கிற ஒரு சீமாட்டி, தொப்பியில் வெள்ளை இறகு. பக்கத்துக் குதிரையில் சிவப்புக் கோட்டுக் கனவான், கை இடுப்பில், முழங்கை நம்மை நோக்கி. இன்னொருவரின் மணிக்கட்டில் கண் கட்டிய வல்லூறு. சேணத்தில் ஏற்கெனவே செத்த முயல் ஒன்று தலைகீழாகத் தொங்குகிறது. வலது மூலையில் ஐந்து நாய்கள். இடது ஓரத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், அவளை யாரும் பார்க்கவில்லை. நடுவில், வெள்ளைக் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தபடி, ஒரு வேலைக்காரன். நரைத்த தாடி. அவன் மட்டும் களைத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமைகளில் மதியம் ஓர் ஆங்கிலேய அம்மா ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து விளக்கம் சொல்வார். மெலிந்த உருவம், கழுத்தில் சங்கிலி கட்டிய கண்ணாடி. முதல் தடவை சும்மா கேட்டேன். பிறகு செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். வேட்டை என்று பெயர், ஆனால் யாராவது எதையாவது துரத்துகிறார்களா பாருங்கள் என்பார். எல்லாரும் பார்ப்பார்கள். ஒருவரும் எதையும் துரத்தவில்லை. அந்தக் காலத்தில் அங்கே நினைத்தவர்களெல்லாம் வேட்டைக்குப் போக முடியாது, அது பெரும்பாலும் பரம்பரைப் பிரபுக்களின் உரிமை, இத்தனை நாய், இந்த மாதம், இந்த நிலம் என்று சட்டம் இருந்தது. மீனும் துணியும் இலங்கைக் கறுவாப் பட்டையும் விற்றுப் பணம் சேர்த்த வியாபாரிகளுக்கு அதுதான் ஏக்கம். சிலர் நாட்டுப்புறத்தில் மாளிகையை வாங்கினார்கள், அதோடு சேர்த்து அந்த உரிமையையும். வாங்க முடியாதவர்கள் படத்தை வாங்கினார்கள். நமக்கு ஒரு வேலையும் இல்லை, நேரம்தான் இருக்கிறது என்று சுவரில் மாட்டி வைத்தார்கள்.

கறுவா என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் கதவடியில் நிமிர்ந்து நிற்பேன். ஏன் என்று எனக்கே தெரியாது.

கடைசியாக அவர் பின்னாலிருந்த மலையைக் காட்டுவார். நீல மலை, அதில் ஒரு சிதைந்த கோபுரம். அந்த நாட்டில் மலையே கிடையாது என்பார். தட்டையான நாடு. மலை முழுப் பொய். கூட்டம் சிரிக்கும். நான் சிரித்ததில்லை. எங்கள் குடாநாடும் தட்டைதான்.

அப்போது ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டில் ஏழு பேர் இருந்தோம். ஏழு பேருக்கும் ஒரே ஒரு நல்ல கோட்டு, ஒட்டக நிறத்தில், முழங்கால்வரை. குளிருக்கு அதை யாரும் தொடமாட்டோம். அது படக் கோட்டு. யாருக்குக் கலியாணப் பேச்சு வருகிறதோ அவர் அதைப் போட்டு, தெருவில் யாருடைய காரிலாவது சாய்ந்து நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார். எனக்குப் பேச்சு வந்தபோது கோட்டை எடுக்கப் போனேன். வீட்டில் மூத்தவரான அண்ணை தடுத்தார். நாற்பதைத் தாண்டியவர், கலியாணம் ஆகாதவர், வார இறுதியில் நகரத்தின் வடக்கு விளிம்பில் ஒரு குதிரை லாயத்தில் சாணம் அள்ளுகிறவர்.

"அதை விடடா. கார்ப் படத்துக்கு இப்ப மரியாதை இல்லை."

"ஏன் அண்ணை?"

"போன மாசம் ரெண்டு மாமன்மார் பக்கத்தில பக்கத்தில இருந்து படம் பாத்திருக்கினம். ரெண்டு மாப்பிளைக்கும் ஒரே கோட்டு, ஒரே கார், ஒரே நம்பர் பிளேட்டு."

"ஐயோ. பிறகு?"

"பிறகென்ன, ரெண்டு சம்பந்தமும் குழம்பிப் போச்சு. இனி அந்தக் கோட்டுக்குத்தான் பொம்பிளை பாக்க வேணும்." அவர் சிரிக்காமல் சொன்னார். "நீ ஞாயிற்றுக்கிழமை என்னோட வா. உன்னைக் குதிரையோட எடுப்பம். இஞ்ச குதிரை வைச்சிருக்கிறவன் ஆர்? ராணியும் நீயும்."

இதை அப்போதே மறுத்திருக்க வேண்டும். ஆனால் என் தலைக்குள் ஓர் ஓவியம் இருந்தது. அதில் எந்தக் கை எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

லாயத்தில் கொளுவியில் தொங்கிய பழைய சிவப்புக் கோட்டு ஒன்றை அண்ணை எடுத்துத் தந்தார். யாரோ விட்டுப்போனதாம். குதிரையை வெளியே நடத்திக்கொண்டு வந்து கடிவாளத்தை என் கையில் கொடுத்தார். நான் வலது கையால் அதைப் பிடித்து, இடது கையை இடுப்பில் வைத்தேன். குன்று பின்னால் வருமாறு அவர் என்னைத் தள்ளித் தள்ளி நிறுத்தினார். அப்போதுதான் லாயத்து நாய் வந்தது.

எனக்கு நாய் என்றால் பயம். சின்னப் பயம் இல்லை. தூரத்தில் குரைத்தால் நெஞ்சு வறளும்.

"அண்ணை, நாயைப் பிடியுங்கோ."

"நிக்கட்டுமடா. நாய் இல்லாத வேட்டைக்காரனை ஆர் மதிப்பான்?"

"அண்ணை, எனக்கு ஏலாது."

"பல்லைக் காட்டு. அது காட்டமுதல் நீ காட்டு."

கண்ணை இறுக்கிக்கொண்டு பல்லைக் காட்டினேன். அது சிரிப்பாகப் பதிந்தது.

படம் கடல் தாண்டிப் போனது. சம்பந்தம் சரிவந்தது. ஊரில் சண்டை முற்றி, மாமா மகளோடு வள்ளத்தில் ராமேஸ்வரம் போய், அங்கிருந்து சென்னைக்குப் போய்ச் சேர்ந்தார். நான் விடுமுறை எடுத்துப் போய்த் தாலி கட்டினேன். என்ன வேலை என்று மாமா கேட்டார். "மியூசியத்தில ஒபிசர்" என்றேன். குதிரையைப் பற்றிக் கேட்டார். நல்ல குதிரை என்றேன். அதில் பொய் இல்லை, நல்ல குதிரைதான். பத்து நாளும் ஒவ்வொரு காலையும் இன்றைக்கு அவளிடம் சொல்லிவிடுவேன் என்று எழும்பினேன். வடபழனித் தெருவில் அவளோடு நடப்பேன், முனையில் நாய்கள் படுத்திருக்கும், என் வாய் நின்றுவிடும். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். பேச்சை நிறுத்தாமலே சுற்றிவந்து எனக்கும் நாய்க்கும் நடுவில் நடப்பாள். பதினோராம் நாள் விமானம் ஏறினேன். சொல்லவில்லை.

இப்போது அதிகாரி ஒரு தாளைப் புரட்டினார். சென்னையில் என் மனைவி அந்தப் படத்தோடு கொடுத்த வாக்குமூலம். என் கணவர் அரும்பொருட்சாலையில் அதிகாரி. அவருக்குச் சொந்தக் குதிரை உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு வேட்டைக்குப் போவார். பக்கத்தில் இன்னொரு தாள், நான் இங்கே கொடுத்தது. வேலை: காவலர். இரண்டு தாளையும் அவர் பக்கம் பக்கமாக வைத்தார். நடுவில் படம்.

"ரெண்டுல ஒண்ணு உண்மையில்லன்னு சொல்றாங்க," என்றார் மொழிபெயர்ப்பாளர். "ஒண்ணு, அந்தப் பொண்ணுக்கு உங்களைத் தெரியவே தெரியாது, இது காகிதக் கல்யாணம். இல்லேன்னா நீங்க இவங்ககிட்ட எதையோ மறைக்கிறீங்க. எதுன்னு கேக்குறாங்க."

ஒரு ரயில் போனது. கண்ணாடி நடுங்கியது.

குதிரை நண்பருடையது, எப்போதாவது போவேன் என்று ஆரம்பிக்க நினைத்தேன். இரண்டு தாளையும் ஒட்டுகிற மாதிரி ஒரு வசனம். பொய்க்கு எப்போதும் ஒரு படி மிச்சம் இருக்கும், அதில் காலை வைத்தால் போதும். நான் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி படத்தைத் தன் பக்கம் இழுத்துக் கிட்டே பிடித்துப் பார்த்தார். அவருடைய புறங்கை வெயிலில் காய்ந்து தடித்திருந்தது, நகத்தில் பூச்சு இல்லை. என்னவோ சொன்னார், வேகமாக. நான் முதல்முறை உண்மையாகவே மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தேன்.

"அந்த அம்மா குதிரை ஓட்டுறவங்களாம். சேணத்துல கால் வைக்கிற வளையம் இருக்குல்ல, அதை மேல ஏத்திக் கட்டியிருக்குன்னு சொல்றாங்க. லாயத்துலேர்ந்து நடத்திக்கிட்டு வர்றப்பதான் அப்படி ஏத்தி விடுவாங்களாம். சவாரிக்குப் போறவங்க இறக்கி விட்டிருப்பாங்களாம். நீங்க இந்தக் குதிரை மேல ஏறவேயில்ல, அப்படித்தானேன்னு கேக்குறாங்க."

அங்கவடி. ஆறு வருடம் ஓவியத்தில் அதைப் பார்த்திருக்கிறேன், கனவானின் சப்பாத்து அதில் ஊன்றியிருப்பதை. என் படத்தில் அது சேணத்தோடு ஒட்டி மேலே சுருங்கிக் கிடந்ததை நான் பார்த்ததில்லை. அந்த நிமிடம் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஓவியத்தில் இடுப்பில் கை வைத்தவன் குதிரைமேல் இருக்கிறான். நிலத்தில் நின்று கடிவாளம் பிடிப்பவன் வேலைக்காரன். நான் முழங்கையை ஒருவனிடமிருந்தும் நிற்கிற இடத்தை இன்னொருவனிடமிருந்தும் எடுத்திருந்தேன். பார்க்கத் தெரிந்தவருக்குப் படம் முதல் நாளே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல், ஆங்கிலத்தில் சொன்னேன். குதிரை என்னுடையது இல்லை. கோட்டும் இல்லை. நான் ஓவியங்களுக்குக் காவல் நிற்கிறவன். மனைவிக்கு இது தெரியாது. அவள் எழுதிய பொய் நான் கொடுத்த பொய்.

மொழிபெயர்ப்பாளர் பேனாவை மூடி என்னை ஒரு பார்வை பார்த்தார். "இங்கிலீஷ் தெரியுமா? அப்ப நான் எதுக்கு?" மெதுவாகத்தான் கேட்டார். கோபமா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை.

அதிகாரி நீண்ட நேரம் எழுதினார். பிறகு தலையைத் தூக்கி, சரி, உங்கள் மனைவிக்கு உங்களைப் பற்றி எந்தப் படத்திலும் இல்லாத, உண்மையான ஒன்று ஏதாவது தெரியுமா என்று கேட்டார். அவளிடமும் இதைக் கேட்போம், இரண்டும் பொருந்துகிறதா என்று பார்ப்போம்.

கலியாணமாகிப் பதினான்கு மாதம். பத்து நாள். நான் அவளுக்குக் கொடுத்த உண்மைகளைத் தேடினேன். என் கடிதங்களில் மழை இருந்தது, கோயில் இருந்தது, நலம் நலமறிய ஆவல் இருந்தது. அதில் நான் எங்கே?

"எனக்கு நாய் என்றால் பயம்," என்றேன்.

அதிகாரியின் பேனா ஒரு கணம் நின்றது. படத்தின் கீழ்மூலையைப் பார்த்தார். எழுதினார்.

வெளியே வந்து முதலில் கண்ட தொலைபேசிப் பெட்டிக்குள் புகுந்தேன். வடபழனியில் கீழ்வீட்டில்தான் தொலைபேசி. வீட்டுக்கார அம்மா எடுத்து, "லண்டன்லேர்ந்து ஃபோன்! சீக்கிரம் வாம்மா!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினார். செருப்புச் சத்தம், இரண்டு சோடி. மாமாவும் கூட வருகிறார்.

"ஹலோ," என்றாள்.

"மாமா பக்கத்தில நிக்கிறாரோ?"

"ஓம்."

"அப்ப நான் சொல்லுறதை மட்டும் கேளும். அந்தக் குதிரை என்ர இல்லை."

"ஓம், சாப்பிட்டம்," என்றாள்.

"நான் ஒபிசரும் இல்லை. படங்களுக்குக் காவல் நிக்கிறவன். கதவடியில நிக்கிறவன். கேக்குதோ?"

"இல்லை, இஞ்ச இன்னும் மழை இல்லை."

"உம்மைத் திரும்பக் கூப்பிடுவினம். குதிரையைப் பற்றிக் கேப்பினம். உண்மையைச் சொல்லும்."

நான் நினைத்தேன், இவள் இப்போது ரிசீவரை வைத்துவிட்டு மேலே போய், வள்ளத்தில் வரும்போது கொண்டுவந்த பெட்டியை மூடத் தொடங்குவாள். அதற்குள் ரிசீவர் கைமாறியது.

"தம்பி," என்றார் மாமா. குரலில் கீழ்வீட்டுக்காரர்களும் கேட்கட்டும் என்ற உரப்பு. "குதிரை எப்பிடி, சுகமே?"

கண்ணாடிக்கு வெளியே குரோய்டன் மழை சரிந்துகொண்டிருந்தது. உண்மை சொல்லி முடித்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

"சுகம் மாமா," என்றேன்.

தொலைபேசி இணைப்பு அறுந்தது. நாயைப் பற்றி அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. இலக்கத்தைத் திரும்பச் சுற்றினேன், கிடைக்கவில்லை. மறுநாளும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கிடைத்தபோது வீட்டுக்கார அம்மா சொன்னார், காலையிலேயே ரெண்டு பேரும் தூதரகத்துக்குக் கிளம்பிட்டாங்களே.

பிறகு ஐந்து வாரம். நான் என் அறையில், கதவுக்கு நேரே, வேட்டைக்குப் போகாத அந்தக் கூட்டத்தின் முன் நின்றேன். அவர்களுக்கு எவ்வளவு நேரம் இருந்தது. முன்னூறு வருடமாக அந்தச் சீமாட்டி சத்திரத்துப் பானத்துக்காகக் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறாள், அவசரமில்லை. ஓய்வு என்பதை அவ்வளவு கிட்டத்தில் வைத்துக் காவல் காத்த எனக்குத் தேநீருக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்திலும் தபால்பெட்டியைத்தான் நினைத்தேன். ஆர்ச்வேயில் இருக்கிற முருகன் கோயிலுக்கு இரண்டு வெள்ளிக்கிழமை போனேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவள் நாய் என்று சொல்ல வேண்டும் என்று ஒரு கடவுளிடம் எப்படிக் கேட்பது? செவ்வாய்க்கிழமை அம்மா வந்து மலை பொய் என்றார். கூட்டம் சிரித்தது. எனக்கு அந்த ஐந்து நாய்களும் ஒவ்வொரு நாளும் படச் சட்டத்தை விட்டு ஒரு விரல்கடை முன்னால் வருவதுபோல இருந்தது.

அவளுடைய கடிதம் வந்தது. நீல வான்கடிதம், ஓரம்வரை நெருக்கி எழுதியது. நின்றபடியே படித்தேன்.

முதல் கேள்வியே குதிரை, என்று எழுதியிருந்தாள். அது அவருடையது இல்லை என்றேன். எப்போது தெரியும் என்று கேட்டார்கள். கலியாணத்துக்கு முதலே தெரியும் என்றேன். படத்தைப் பார்த்த அன்றைக்கே. சிரிக்கிற மனிதன் கண்ணை ஏன் இப்படி இறுக்க வேண்டும்? பிறகு தெருவில் உங்களோடு நடந்தபோது விளங்கிவிட்டது. நாய்க்குப் பயந்தவர் எந்த வேட்டைக்குப் போவார்?

அப்படியானால் முதல்தடவை ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டார்களாம். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "அப்பா வாசலில் இருந்தார். வீடு போய்விட்டது, வயல் போய்விட்டது. இந்த மாடியில் மற்ற ஊர்ச் சனம் கூடினால் அவர் எடுத்துக் காட்டுவதற்கு அந்தப் படம் ஒன்றுதான் இருக்கிறது. அவர் எழுதித் தந்ததைத்தான் ஒப்புவித்தேன். அவருக்கு அந்தக் குதிரை வேண்டும்."

கடைசிக் கேள்வி, உங்கள் கணவர் எதற்குப் பயப்படுவார்?

"நாய்க்கு என்றேன். அவன் எழுதினான். வேறு ஏதாவது என்று கேட்டான். என் அப்பாவுக்கு என்றேன். அதையும் எழுதினான்."

கீழே, மடிப்பில் மறையும் இடத்தில், ஒரு வரி: "தொலைபேசியில் சொன்னதைப் பத்து நாளில் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வந்துதான் ஆறும்."

விசா வந்தது. மாமா, பிறகு வள்ளத்தில் வந்து சேர்ந்த மூத்த மகனோடு சென்னையிலேயே தங்கிவிட்டார். படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி மாட்டியிருக்கிறாராம். ஒவ்வொரு கடிதத்திலும் குதிரையை விசாரிப்பார். நான் இப்போது நடுவயதில் இருக்கிறேன், தலையில் நரை விழுந்துவிட்டது, அந்தக் குதிரைக்கு மட்டும் வயது போகவில்லை. இத்தனை வருடமாக அதை நான் சாகவிடவில்லை. அவளும் விடவில்லை. ஒருமுறை அவளாகவே எழுதினாள், குளிருக்கு அதற்குப் போர்வை வாங்கியிருக்கிறோம் என்று.

அவள் லண்டன் வந்த இரண்டாம் வாரம் ஓவியக்கூடத்துக்கு வந்தாள். அவளிடம் குளிருக்கு ஒன்றும் இருக்கவில்லை. அண்ணை அந்த ஒட்டக நிறக் கோட்டைக் கொடுத்திருந்தார். "இனியாவது இது ஒரு ஆளைச் சூடாக்கட்டும், பிள்ளை," என்றாராம். அந்தக் கோட்டுக்குள் கை தெரியாமல், முழங்காலுக்குக் கீழே சேலை தெரிய, அறைக்குள் நடந்து வந்தாள். என்னை நெஞ்சில் இலக்கத்தோடு முதன்முதல் பார்த்தாள். தலையிலிருந்து சப்பாத்துவரை பார்த்தாள். எனக்குக் காது எரிந்தது.

பிறகு வேட்டைப் படத்தின் முன் போய் நின்றாள். அறையில் வேறு இரண்டு மூன்று பேர், நான் வேலையில் இருந்தேன், கதைக்கக் கூடாது. அவள் திரும்பாமலே, எனக்குக் கேட்கிற அளவில் பேசினாள்.

"இவ எவ்வளவு நேரமா இப்பிடிச் சரிஞ்சு இருக்கிறா? இடுப்பு நோகாதோ?"

நான் மேற்பார்வையாளர் வருகிறாரா என்று பார்த்தேன்.

"இதில நீங்கள் ஆர்?"

கண்ணால் காட்டினேன். கடிவாளம் பிடித்திருந்த நரைத்த தாடிக்காரன். அவனை வடிவாகப் பார்க்க அவள் குனிந்தாள், இன்னும் கிட்டப் போனாள், கோட்டின் நீண்ட கைக்குள்ளிருந்து ஒரு விரல் வெளியே வந்து சித்திரத்தை நோக்கிப் போனது. மேற்பார்வையாளர் அடுத்த அறையின் வாசலில் திரும்புவதைக் கண்டேன். நான் ஓர் அடி எடுத்து வைத்து, உத்தியோகக் குரலில், பின்னால் நிற்கும்படி சொன்னேன்.

அவள் விரலை மடக்கினாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஓம், ஒபிசர்," என்றாள்.

ஓர் அடி பின்னால் வந்தாள், பிறகு வலது பக்கம் ஓர் அடி. நான் நின்ற இடத்திலிருந்து இப்போது அந்த ஐந்து நாய்களும் தெரியவில்லை. ஒட்டக நிறக் கோட்டின் முதுகு மட்டும் தெரிந்தது.